பண்பாட்டின் மீது பழி போடாதீர்கள்

அக்டோபர் 10 உலக மனநல நாள். அன்றைக்கு நம் ஊர்களில் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும், எந்த இணைப்பிதழைப் பிரித்தாலும் ஒரே தீர்ப்பு காதில் விழும். நம் மக்கள் உளவியல் சிகிச்சைக்கு வருவதில்லை, காரணம் நம் பண்பாடு. வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று வளர்ந்தவர்கள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயப்படுகிறவர்கள். மனசு சரியில்லை என்றால் கோயிலுக்கும் தர்காவுக்கும் ஓடுகிறவர்கள். ஆகவே முதலில் இவர்களுடைய மனப்பான்மை மாற வேண்டும், அதற்கு விழிப்புணர்வு வேண்டும், பேரணி வேண்டும் என்று பேசி முடிப்பார்கள்.

இதே கருத்து இன்னொரு வாயில் பெருமையாக வரும். எங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, குலதெய்வம் இருக்கிறது, தோள் கொடுக்க அண்ணன் தம்பி இருக்கிறார்கள், கவுன்சிலிங் எல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தான் என்பார்கள். முதல் கூட்டம் பண்பாட்டைத் திட்டுகிறது, இரண்டாவது கூட்டம் மெச்சுகிறது. ஆனால் சிகிச்சை அறையில் நாற்காலி காலியாகக் கிடப்பதற்குப் பண்பாடே காரணம் என்பதில் இரண்டுக்கும் சண்டையே இல்லை. அதைத்தான் நான் மறுக்கிறேன். நம் ஊர்களில் பெரும்பாலானவற்றில் அந்த நாற்காலியே கிடையாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது என்றும், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள் என்றும் அது சொன்னது. இந்த இரண்டாவது எண்ணை எடுத்துக்கொண்டு ‘பாருங்கள், எவ்வளவு தயக்கம்’ என்கிறார்கள். இன்னொரு எண்ணை யாரும் வாசிப்பதில்லை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு மனநல மருத்துவர் 0.75 பேர்தான். முழுசாக ஓர் ஆள்கூட இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் அதைவிடவும் மிகக் குறைவு. இருக்கிறவர்களில் பெரும்பங்கு பெருநகரங்களில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் பேர் உள்ள ஒரு தாலுகா. அதில் வயது வந்தோர் 65, 70 ஆயிரம் பேர் இருப்பார்கள். நிம்ஹான்ஸ் சொன்ன விகிதப்படி அவர்களில் சுமார் 7,000 பேருக்கு உதவி தேவை. இந்த 7,000 பேரும் நாளைக்குக் காலையில் வெட்கத்தை உதறிவிட்டு வந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற ஒரே மருத்துவர், வேறு எந்த வேலையும் பார்க்காமல், தலைக்கு முக்கால் மணி நேரம் பேசுகிறார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எல்லோரையும் ஒரே ஒரு தடவை பார்த்து முடிக்க 650 வேலை நாட்களுக்கு மேல் ஆகும். உளவியல் சிகிச்சை என்பது ஒரு தடவைப் பேச்சோடு முடிவதும் இல்லை. மக்கள் எல்லோரும் மனம் மாறி வந்துவிட்டால் அவர்களைப் பார்க்க ஆள் இல்லாத ஒரு நாட்டில், ஆள் வராததற்கு மக்களின் மனமே காரணம் என்று எப்படி வாய் கூசாமல் சொல்ல முடிகிறது?

இனி, வந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலில் ஒரு முற்பகல் முழுவதும் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஓ.பி. சீட்டு வாங்க ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. அறைக்குக் கதவு இருந்தது, ஆனால் கூட்டம் நெருக்கியதில் அதைச் சாத்த வழியில்லை. மருத்துவரின் மேசையைச் சுற்றி எந்நேரமும் நாலைந்து பேர் நின்றார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவின் முறை வந்தது. ‘தூக்கம் வருதாம்மா?’ ‘கொஞ்சம் பரவாயில்லைங்க டாக்டர்.’ ‘சாப்பாடு?’ ‘சாப்பிடுறேங்க.’ அந்த அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் நின்ற ஆள் தன் சீட்டை மேசையில் நீட்டினார். ‘மாத்திரையை விடாம போடுங்க, அடுத்த மாசம் வாங்க.’ மொத்தமே இரண்டு நிமிடம் இருக்காது. மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். மதியத்துக்குள் நூற்றுக்கு மேல் சீட்டு பார்த்தாக வேண்டிய மனிதர் அவர். ஆனால் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்து போன அந்த அம்மாவை நாளைக்கு ஓர் ஆய்வாளர் சந்தித்தால், ‘உணர்ச்சிகளை வெளியே சொல்லத் தயங்கும் பண்பாடு’ என்ற கட்டத்தில்தான் அவரைக் குறித்துக்கொள்வார்.

அரசு மருத்துவமனை வேண்டாம், தனியாரிடம் போகலாம் என்றால் சென்னை, கோவை போன்ற ஊர்களில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அரிது. ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்பது சாதாரணம். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 319 ரூபாய். ஐந்து நாள் வெயிலில் மண் சுமந்த காசு ஒரு முக்கால் மணி நேரத்துக்குப் போய்விடும். பேருந்துக் கட்டணமும் போன நாளின் கூலியும் தனி. இந்தக் குடும்பம் வரவில்லை என்றால் அதற்குப் பெயர் தயக்கமா?

‘நம் மக்கள் அந்நியரிடம் மனம் திறக்க மாட்டார்கள்’ என்பது இந்த வாதத்தின் அடுத்த தூண். இதைச் சொல்கிறவர்கள் தென்மாவட்டத்தில் குறி சொல்லும் கோயில் எதற்காவது ஒரு செவ்வாயோ வெள்ளியோ போய்ப் பார்க்கட்டும். ஊர் பெயர் தெரியாத சாமியாடியின் முன்னால், இருபது பேர் சுற்றி நிற்க, ஒரு பெண் வாய்விட்டு அழுகிறாள். புருஷன் குடிப்பது, மாமியார் பேசிய பேச்சு, பிள்ளை தங்காமல் போனது என்று எல்லாவற்றையும் கொட்டுகிறாள். சாமி புருஷனைக் கூப்பிட்டு, ‘வீட்டு மகாலட்சுமியை அழ வச்சிட்டு எங்கிட்ட என்னடா கேக்க வந்தே?’ என்று நாலு பேர் முன்னால் உலுக்குகிறது. அந்த ஆள் தலை குனிந்து நிற்கிறான். எல்லாச் சாமியாடிகளும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பணம் பறிப்பவர்களும் உண்டு, பெண்களைச் சவுக்கால் அடித்துப் பேய் ஓட்டுகிற கொடுமையும் உண்டு. ஆனால் பேசக் கூச்சப்படும் மக்கள் இவர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்க ஒருவர் இருந்து, தன் பேச்சுக்கு அங்கே மதிப்பும் இருந்தால், இந்த மக்கள் முன்பின் தெரியாதவரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

இங்கே, தர்காவுக்குப் பெயர் பெற்ற ஏர்வாடியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதை மூடநம்பிக்கையின் விளைவு என்று அன்றிலிருந்து எழுதிவருகிறோம். ஆனால் அவர்களைச் சங்கிலியில் பூட்டி வைத்தது உரிமம் இல்லாமல், மேற்பார்வை இல்லாமல் வளரவிடப்பட்ட ஒரு தொழில். சொந்த மாவட்டத்தில் தங்கி வைத்தியம் பார்க்க ஓர் இடம் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் அந்தக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கும்? பின்னாளில் தவா-துவா (மருந்தும் பிரார்த்தனையும்) என்ற பெயரில் ஏர்வாடியிலேயே மனநல மருத்துவமும் கிடைக்க ஏற்பாடானது. மக்கள் துவாவும் கேட்டார்கள், மாத்திரையும் வாங்கிக்கொண்டார்கள். திருச்சி மாவட்டம் குணசீலத்தில் பெருமாள் கோயிலை ஒட்டி உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் நடக்கிறது. ஒரு மண்டலம் தங்கித் தீர்த்தம் வாங்குகிறவர்களை அங்கே மனநல மருத்துவரும் பார்க்கிறார். நம்பிக்கைக்கும் மருத்துவத்துக்கும் இடையில் மதில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பது மேடையில் பேசுகிறவர்கள்தான். மக்கள் ஒரே நாளில் இரண்டு பக்கமும் போய்வருகிறார்கள்.

2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆர். ரகுராமும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரையை இந்தக் கருத்தரங்குகளில் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய 31 பேரை அவர்கள் மதிப்பிட்டார்கள். பெரும்பாலோருக்குத் தீவிர மனநோய். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தார்கள். மந்திரம், பேயோட்டல் என்று அங்கே தனியாக எதுவும் இல்லை. இலவசமாகத் தங்கலாம், கூட வீட்டு ஆள் ஒருவர் இருப்பார், கோயிலில் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது என்று சின்னச் சின்ன வேலைகள் செய்யலாம். நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. இதை வைத்துக் கோயிலே மருந்து என்று கொடி பிடிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. நான் அதில் பார்ப்பது வேறு. செலவில்லாத இடம், அடிக்காத மனிதர்கள், கூடவே அம்மாவோ அண்ணனோ. மக்கள் தேடிப் போனது இதைத்தான். நம் மருத்துவமனைகளில் எத்தனை இதைத் தருகின்றன?

சரி, அவமானம் என்பதே பொய்யா? பொய் இல்லை. பெண்ணுக்குச் சிகிச்சை நடக்கிறது என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்ற பயம் நிஜம். ஆனால் அந்தப் பயத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தோண்டுங்கள். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். மனநலக் கோளாறு திருமணத்துக்கான தகுதியிலேயே வருகிறது, மணமுறிவுக்கான காரணங்களிலும் வருகிறது. வலிப்பு நோய்கூட 1999இல் திருத்தம் வரும்வரை அந்தத் தகுதிப் பட்டியலில் இருந்தது. மருத்துவமனைச் சீட்டு ஒன்று நாளைக்குக் குடும்ப நீதிமன்றத்தில் தனக்கு எதிரான சான்றாக வரலாம் என்று ஒரு பெண் அஞ்சுகிறாள் என்றால், அவள் மூடப் பழக்கத்தில் ஊறியவள் அல்ல. தன் நிலைமையைச் சரியாகக் கணக்கிட்டவள்.

இன்னொன்று இதைவிடக் கொடியது. தற்கொலைக்கு முயன்றவரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு பல தலைமுறைகளாகக் குற்றவாளியாக வைத்திருந்தது. விஷம் குடித்த மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தகப்பன், அவசரப் பிரிவில் காவலர் நோட்டோடு வந்ததும், ‘தண்ணின்னு நினைச்சுத் தெரியாம குடிச்சிருச்சு சார்’ என்று சொன்னார். அப்படித்தான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு மகளை எப்படிக் கவுன்சிலிங்குக்கு அனுப்புவார்? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்துதான், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று ஆனது. அத்தனை ஆண்டுகளும் அந்த வீடுகளின் வாயைக் கட்டிப்போட்டது சட்டம். நாம் அதற்குப் பண்பாட்டு மௌனம் என்று பெயர் வைத்தோம்.

மேலை நாட்டார் இயல்பிலேயே திறந்த மனத்தினர் என்பது அடுத்த கதை. 1972இல் அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக தாமஸ் ஈகிள்டன் அறிவிக்கப்பட்டார். மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்து மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்துக்கொண்டவர் என்பது வெளியே வந்ததும் மூன்று வாரத்துக்குள் வேட்பாளர் பட்டியலிலிருந்து விலக நேர்ந்தது. உளவியல் சிகிச்சை எங்கும் பரவியிருந்த நாட்டில் நடந்தது இது. துயரத்தை வெளியே காட்டாதவர்கள் என்று பெயர் வாங்கிய ஆங்கிலேயர்களைப் பாருங்கள். 2008இல் இங்கிலாந்து தன் பொது மருத்துவ சேவைக்குள் பேச்சு சிகிச்சையை இலவசமாகக் கொண்டுவந்தது. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் லேயர்டும் உளவியலாளர் டேவிட் கிளார்க்கும் அதற்குப் பின்னால் இருந்தார்கள். பத்தே ஆண்டுகளில் ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் வந்து சிகிச்சையைத் தொடங்கினார்கள். ஆங்கிலேயரின் பண்பாடு பத்து ஆண்டில் தலைகீழாக மாறிவிட்டதா? ஆயிரக்கணக்கில் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவித்து வேலைக்கு அமர்த்தினார்கள், அவ்வளவுதான்.

அந்தத் திட்டம் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட இடங்களில் ஒன்று கிழக்கு லண்டனின் நியூஹாம். தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஈஸ்ட் ஹாம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமலும் நேரே வரலாம் என்று அங்கே வழி திறந்தபோது, அப்படி வந்தவர்களில் சிறுபான்மை இனத்தவரின் பங்கு அந்த வட்டாரத்தில் அவர்கள் வாழும் விகிதத்தை நெருங்கியது. மருத்துவரின் கடிதத்தோடு வந்தவர்களில் அப்படி இல்லை. பண்பாடு இரண்டு வழியிலும் அதே பண்பாடுதான். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியிலும் இப்படி ஒன்று நடந்தது. 1970களில் உளவியலாளர் ஸ்டான்லி சூ அங்கே ஆராய்ந்தபோது, சிகிச்சைக்கு வந்த ஆசிய அமெரிக்கர்களில் பாதிப்பேர் ஒரே அமர்வோடு நின்றுவிட்டது தெரிந்தது. வெள்ளையரில் அப்படி நின்றவர்கள் சுமார் 30 சதவீதம். ஆசியர்களின் குணம் அது என்று முடித்திருக்கலாம். அவர் சேவையைக் குறை சொன்னார். அவர்களுடைய மொழியும் வாழ்க்கையும் தெரிந்த பணியாளர்கள் வந்த பிறகு, 1980களின் இறுதியில் மறுபடி எடுத்த ஆய்வில் அந்த இடைவெளி காணாமல் போயிருந்தது.

இனிப் பெருமை பேசும் கூட்டத்துக்கு. கவுன்சிலிங் வெள்ளைக்காரன் சரக்கு என்கிறவர்கள், கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கி, ஃப்ராய்டோடு கடிதத்தில் வாதம் செய்துகொண்டிருந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பம் இருக்கும்போது சிகிச்சை எதற்கு என்கிறவர்கள், அமிர்தசரஸில் 1950களில் மனநல மருத்துவர் வித்யா சாகர் செய்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் உறவினர்களை உள்ளேயே தங்கவைத்தார் அவர். நம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் வீட்டு ஆள் கூடவே இருப்பது ஆரம்பகாலம் தொட்ட நடைமுறை. குடும்பம் சிகிச்சைக்குப் பதிலாக நிற்கவில்லை, சிகிச்சையின் உள்ளே வந்தது. அதே குடும்பம்தான் சில நேரம் நோய்க்குக் காரணமாகவும் இருக்கும். அண்ணன் தம்பி தோள் கொடுப்பார்கள் என்று மீசை முறுக்குகிற வீட்டில், அந்தத் தோள் மருமகளுக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பண்பாட்டுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று சொல்லவில்லை. துயரம் எந்த உருவில் வரும், முதலில் யாரிடம் சொல்வார்கள், என்ன எதிர்பார்ப்பார்கள் என்பதையெல்லாம் பண்பாடு தீர்மானிக்கிறது. நம் பெண்களுக்கு மனச்சோர்வு நெஞ்சுப் படபடப்பாக, உடம்பு எரிச்சலாக, ‘ஒரே அசதியா இருக்கு’ என்பதாக வரும். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் அமைப்பும் இதை அறிந்துதான் வேலை செய்தார்கள். உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள், உளவியல் பட்டம் எதுவும் இல்லாதவர்கள் அவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வீட்டிலோ உட்கார்ந்து, நோயின் பெயரைச் சொல்லி மிரட்டாமல், ‘டென்ஷன்’ என்று மக்கள் பேசும் பேச்சிலேயே பேசினார்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். கடும் மனச்சோர்வில் இருந்த ஏறக்குறைய 500 பேரிடம் நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2017இல் லான்செட்டில் வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் மூன்று மாதத்தில் தேறியவர்கள் 39 சதவீதம். கூடவே பேச்சு சிகிச்சையும் பெற்றவர்களில் 64 சதவீதம். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் முழுச் சிகிச்சையையும் முடித்தார்கள் என்பது எனக்கு அதைவிட முக்கியம். பேச்சு சிகிச்சை நம் மக்களுக்கு ஒத்துவராது, அவர்கள் ஊசியும் மாத்திரையும்தான் கேட்பார்கள் என்றவர்களுக்கு இது போதாதா?

இன்னொரு சான்றும் இருக்கிறது. 2022 அக்டோபரில் டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவியைத் தொடங்கினார்கள். எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். 2024 முடிவதற்குள் நாடு முழுவதும் 10 லட்சத்தைத் தாண்டி அழைப்புகள் வந்துவிட்டன. அந்நியரிடம் பேச மாட்டார்கள் என்று சொல்லப்பட்ட அதே மக்களின் அழைப்புகள் இவை. கட்டணம் இல்லை, பேருந்து ஏற வேண்டாம், வரிசையில் யாரும் பார்க்கப் போவதில்லை என்றதும் பேசினார்கள்.

நம் அரசுக்கு வழி தெரியாமல் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். திண்ணையில் உட்காரும் அந்தப் பெண்களுக்கு கோவாவில் கொடுத்த பயிற்சியைக் கொடுக்க என்ன தடை? அவர்களுக்கு உரிய சம்பளமும், மேலே வழிகாட்ட ஓர் உளவியலாளரும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வருவதற்கு மாலை நேரம் வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்றே சொல்கிறது.

அடுத்த அக்டோபரில் மேடை ஏறப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதிரே உட்கார்ந்திருக்கும் மக்களைப் பார்த்து ‘உங்கள் மனப்பான்மையை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் மாவட்டத்தில் எத்தனை உளவியலாளர் பணியிடங்கள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை காலியாகக் கிடக்கின்றன என்று ஒரு தகவல் உரிமை மனு போட்டுக் கேளுங்கள். வருகிற பதிலை அதே ஒலிபெருக்கியில் சத்தமாக வாசியுங்கள்.